கிளம்பும் முன்பே போய்ச் சேரும் விமானம்

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்த, கடையில் பொத்தான் துளை தைக்கும் காஜாக்காரம்மா, தையல் மேஜை மேல் கிடந்த விமான டிக்கெட்டைக் கையில் எடுத்தாள். படிக்க வேண்டும் என்று எடுக்கவில்லை. அதன் மேல் ஒட்டியிருந்த நூல்பிசிறைத் தட்டிவிடத்தான் எடுத்தாள். எடுத்ததும் எடுத்தோம் என்று கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஒரு தடவை படித்தாள். பிறகு இன்னொரு தடவை படித்தாள்.

"தங்கச்சி கல்யாணம் என்னைக்குன்னு சொன்ன?"

"சனிக்கிழமை. காலையில பதினோரு மணி" என்றாள் டேப் அக்கா, மிஷினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீங்க ரெண்டு பேரும் கிளம்புறதே சனிக்கிழமைதான். மத்தியானம் ரெண்டு மணிக்கு."

மிஷின் நின்றது.

டேப் அக்காவுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. வீட்டின் முன்னறையில் முப்பத்தைந்து வருடமாகத் தையற்கடை. இஞ்ச் டேப் கழுத்தைவிட்டு இறங்காது. சில நாள் அதோடேயே படுத்துவிடுவாள். அதனால் வந்த பெயர். சொந்தப் பெயரைத் தபால்காரர்கூட மறந்துவிட்டார். இரண்டு பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை அவள்தான் தைத்தாள். ஒரு பிள்ளை வாசலில் வந்து நின்றால் போதும், நெஞ்சளவு இருபத்தாறு, உயரம் வளர்கிற வயசு, ரெண்டு இஞ்ச் கூட விடணும் என்று கண்ணாலேயே கணக்குப் போட்டுவிடுவாள். ஆனால் அவள் போன அதிகபட்ச தூரம், மூன்று மணி நேர பஸ் பயணத்தில் இருக்கும் மொத்தத் துணிச் சந்தை. அதற்கு மேல் உலகம் இருப்பதைக் கேள்விப்பட்டதோடு சரி.

கேள்விப்பட்ட அந்த உலகத்தில்தான் தங்கை இருந்தாள். நர்ஸ் வேலைக்கென்று இருபத்து நான்கு வயதில் கடல் தாண்டிப் போனவள், இருபத்தெட்டு வருடம் அங்கேயே இருந்துவிட்டாள். ஐந்து தடவை வந்து போனாள். ஒவ்வொரு தடவையும், "அடுத்த தடவை நீதான் அக்கா வரணும்" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஒவ்வொரு வருடமும் சீருடைத் தையல் வந்து குறுக்கே நிற்கும். கல்யாணப் பேச்சை எடுத்தால் தங்கை பிடி கொடுக்கமாட்டாள். அக்காவும் ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

அப்படிப்பட்டவள் ஐம்பத்திரண்டாம் வயதில் ஒருநாள் போனில் கூப்பிட்டு, "அக்கா, எங்க ஆஸ்பத்திரி சமையல்காரர் என்னைக் கட்டிக்கிறேங்கிறார்" என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"சிரிச்சேன்."

"அப்புறம்?"

"இன்னும் நிறுத்தலை" என்றவள் அதற்கு மேல் பேச முடியாமல் போனைப் பிடித்துக்கொண்டு கெக்கே பிக்கே என்று சிரித்தாள். என்ன ஏது என்று தெரியாமலே அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக, கல்யாண கவுனைத் தானே தைத்துத் தானே கொண்டுவருவதாக வாக்கும் கொடுத்துவிட்டாள். போனை வைத்த பிறகுதான், கொண்டுபோவதென்றால் போக வேண்டுமே என்பது உறைத்தது.

டிக்கெட் போட்டது அவள் கணவர். பஸ் டிப்போவில் டைம்கீப்பர். முப்பத்தொரு வருடமாக எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போனது, எத்தனை மணிக்கு உள்ளே வந்தது என்று எழுதியே தலை நரைத்த மனிதர். ஊரில் கடிகாரம் நின்றுபோனால் அவரைப் பார்த்துத் திருப்பி வைத்துக்கொள்வார்கள். அவர் போட்ட டிக்கெட்டில் நாள் தப்பு என்றால் யார் நம்புவார்கள்? காஜாக்காரம்மா நம்பினாள். மருந்துக்கடைக்காரர் நம்பினார். நாலு மணிக்குள் தெருவே நம்பிவிட்டது.

நாலேகாலுக்கு அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தபோது வாசலில் ஏழு பேர் நின்றார்கள்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றார் பதறிப்போய்.

"உங்களுக்குத்தான்" என்றாள் காஜாக்காரம்மா, டிக்கெட்டை நீட்டி.

அவர் வாங்கிப் பார்த்தார். புறப்பாடு, சனிக்கிழமை மதியம் இரண்டு மணி. அதுவரை சரி. அதற்குக் கீழே வந்துசேரும் நேரம் என்று ஒன்று போட்டிருந்தது. அதை அவர் இரண்டு மாதமாகப் பார்க்கவே இல்லை. சனிக்கிழமை காலை ஏழரை மணி.

"பார்த்தியா, அச்சுப்பிழை" என்றார், கொஞ்சம் உயிர் வந்தவராக. "கிளம்புறதுக்கு ஆறரை மணி நேரம் முன்னாடியே போய்ச் சேருதாம். எந்த வண்டி அப்படிப் போகும்?"

"நீங்க என்ன சொல்லி டிக்கெட் கேட்டீங்க?" என்றாள் டேப் அக்கா.

"சீருடை வேலை வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கு, கல்யாணத்துக்கு முன்னாடி போய்ச் சேரணும்னு சொன்னேன். டிக்கெட் ஆபீஸ் பொண்ணு கம்ப்யூட்டர்ல தட்டிப் பார்த்துட்டு, சனிக்கிழமை மத்தியானம் போனாப் போதும்னு சொல்லிச்சு. பின்னாடி வரிசை நின்னுச்சு. தலையாட்டிட்டேன்."

முப்பத்தொரு வருடத்தில் தன்னிடம் காரணம் சொன்ன எந்த டிரைவரையும் அவர் விட்டதில்லை. இப்போது தன் காதுக்கே தன் காரணம் சொத்தையாகக் கேட்டது. டிக்கெட் அலுவலகத்துக்குப் போன் செய்தார்கள். அந்தப் பெண் எண்ணைக் கேட்டு, "எல்லாம் சரியாத்தான் சார் இருக்கு" என்று சொல்லி ஆறு விநாடியில் வைத்துவிட்டாள். இவ்வளவு சீக்கிரம் சொன்னதாலேயே அவளை யாரும் நம்பவில்லை.

டைம்கீப்பர் விடவில்லை. மறுபடியும் டிப்போவுக்குப் போய், சுவரில் தொங்கிய உலகப் படத்தில் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு வந்தார். தங்கள் தீவின் விமான நிலையம் படத்தின் கிழக்கு ஓரத்தில், தங்கை ஊர் விமான நிலையம் மேற்கு ஓரத்தில். நடுவே உலகமே கிடந்தது.

"முப்பதாயிரம் கிலோமீட்டர் வருது" என்றார். "விமானம் மணிக்கு எண்ணூத்தி எழுபது போகுமாம். முப்பத்துநாலு மணி நேரம். நாம இறங்குறப்ப ஞாயித்துக்கிழமை தாண்டிடும்."

கவுன் கதவுக்குப் பின்னால் ஹேங்கரில் தொங்கியது. வெளிர் நீலம், முழங்கைவரை கை, கழுத்தில் மணி வைத்த பட்டி. தங்கச்சி ஐம்பத்திரண்டு வருடம் காத்திருந்து கட்டிக்கொள்கிறாள், நான் எல்லாம் முடிந்த பிறகு போய்த் துணியைக் கொடுக்கவா என்று நினைத்துக்கொண்டாள் டேப் அக்கா. தங்கைக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. டூட்டியில் இருந்தால் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவாள்.

மறுநாள் வியாழக்கிழமை காலை சீருடைக் கட்டைக் கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். ஆசிரியர் அறை அலமாரி மேல் ஒரு உலக உருண்டை இருந்தது. வருடா வருடம் பார்க்கிற உருண்டைதான். இதுவரை அது அவள் கண்ணில் பட்டதே இல்லை.

"டீச்சர், இதைக் கொஞ்சம் இறக்கிக்கட்டுமா?"

"தூசி இருக்கும்" என்றார் தலைமை ஆசிரியை.

தூசியை முந்தானையால் துடைத்துவிட்டுத் தங்கள் ஊரைத் தேடினாள். கண்டுபிடித்து விரலை வைத்தாள். தங்கை ஊரைத் தேடுவதற்கு உருண்டையை அந்தப் பக்கம் முழுக்கச் சுற்ற வேண்டும் என்று நினைத்தாள். சுற்றப் போன கை பின்பக்கமாக வந்தது. நடுவே வெறும் கடல். கடலைத் தாண்டியதும், இதோ, தங்கை ஊர். கழுத்திலிருந்த டேப்பை உருவி இந்தப் புள்ளிக்கும் அந்தப் புள்ளிக்கும் பிடித்தாள். உருண்டையின் வளைவோடு டேப் படிந்து உட்கார்ந்தது.

"ஒன்பதே முக்கால் இஞ்ச்" என்றாள். "டீச்சர், இது ஒரு அரைக்கைச் சட்டையோட கை நீளந்தான்."

"என்னது?"

"எங்க வீட்டுக்காரர் படத்தை விரிச்சு வச்சு முன்பக்கமா அளந்திருக்கார். துணியை மேஜையில போட்டு அளந்தா ஒரு அளவு, உடம்பு மேல வச்சு அளந்தா வேற அளவு. முதுகுப் பக்கமாப் போனாப் பக்கம்."

தலைமை ஆசிரியைக்கு உற்சாகம் தொற்றிக்கொண்டது. உருண்டையின் சுற்றளவையும் அளக்கச் சொன்னார். முப்பத்தேழு இஞ்ச். பூமியின் சுற்றளவு நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று கணக்கைக் கரும்பலகையில் போட்டு, "பத்தாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல கொஞ்சம்" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தங்கை போனில் வந்தாள்.

"என்னக்கா, பதினாலு தடவை கூப்பிட்டிருக்க? எனக்கு நெஞ்சே நின்னுடுச்சு."

டேப் அக்கா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். டிக்கெட், நாள், தெரு, அச்சுப்பிழை, அரைக்கை.

"சரி, இப்ப அங்க என்ன கிழமை?" என்றாள் தங்கை.

"வியாழன். காலையில பத்து மணி."

"இங்க புதன். மத்தியானம் மூணு மணி. இருபத்தெட்டு வருஷமா நான் உனக்கு நேத்துல இருந்துதானே அக்கா பேசுறேன்."

டேப் அக்கா உருண்டையைப் பார்த்தாள். அது அவளுக்குத் தெரியாததா? எத்தனை தடவை, இங்கே பிறந்தநாள் முடிந்த பிறகு அங்கிருந்து தங்கை, இன்னைக்குத்தானே என்று வாழ்த்துச் சொல்லியிருக்கிறாள். ஆனால் அது போனில் பேசுகிறவர்களுக்குள்ள சமாசாரம் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். உடம்போடு ஒருவர் அந்த நேற்றுக்குள் போய் இறங்கலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"அப்ப நாங்க ரெண்டு மணிக்கு ஏறும்போது…"

"இங்க வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு மணி. நான் தலைக்கு மருதோன்றி போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். நீ பன்னிரண்டரை மணி நேரம் பறந்து வா. காலையில ஏழரை. சனிக்கிழமை."

"இங்கயும் ஒரு சனிக்கிழமை காலை, அங்கயும் ஒரு சனிக்கிழமை காலையா?"

"ஆமாக்கா. உனக்கு ரெண்டு."

அக்கா உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. தங்கை அந்தப் பக்கம் ஆரம்பித்தாள். தலைமை ஆசிரியை சாக்பீஸும் கையுமாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்னதென்று இல்லாமல் தானும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் டைம்கீப்பர் தாளில் இரண்டு கோடு கிழித்தார். மேல் கோட்டில் இந்த ஊர் நேரம், கீழ்க் கோட்டில் அந்த ஊர் நேரம். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய், மருந்துக்கடைவரை ஒவ்வொரு வீடாக நின்று விளக்கிச் சொல்லிவிட்டு வந்தார். நாலு பேருக்குப் புரிந்தது. மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்து ஒத்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை டேப் அக்கா குளித்து, பல்லுக்குப் பல் சுத்தமாகத் தேய்த்து, கவுனின் கடைசி கொக்கியைத் தைத்து முடித்தாள். காஜாக்காரம்மா கவுனை மெல்லிய தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். கத்தரிக்கோல் பெரிய பெட்டிக்குள் போனது. கவுன் மட்டும் கையில்தான் வரும் என்று டேப் அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

விமான நிலையத்துச் சோதனையில் காவலர் பெண் அவளை நிறுத்தி, "கழுத்துல என்னம்மா?" என்றாள்.

தொட்டுப் பார்த்தாள். டேப். ஒரு பிளாஸ்டிக் தட்டில் அதைச் சுருட்டி வைத்தார்கள். அது தனியாக ஒரு வாயிலுக்குள் நுழைந்து போனதை, பிள்ளையை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குள் அனுப்பியவள் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் வந்ததும் முதல் வேலையாக எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

விமானம் ஓடுபாதையில் ஓடியபோது கணவரின் கையைப் பிடித்தாள். தரையை விட்டு எழும்பியபோது விட்டுவிட்டாள். பயம் வரும் என்று காத்திருந்தாள். வயிற்றுக்குள் யாரோ கிச்சுகிச்சு மூட்டியதுதான் வந்தது. ஜன்னலுக்குக் கீழே வீடுகள் பொத்தான் பொத்தானாகச் சிறுத்தன.

"இரண்டு மணி பதினொரு நிமிஷம்" என்று டைம்கீப்பர் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். "பதினொரு நிமிஷம் லேட்."

எதிரே இருந்த சின்னத் திரையில் ஒரு விமானம் கடலின் மேல் எறும்பு மாதிரி ஊர்ந்தது. எவ்வளவு தூரம் வந்தோம், எவ்வளவு தூரம் பாக்கி என்று எண்கள் ஓடின. இருவரும் அதைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. திரையில் கடலின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இருந்தது. அதுதான் நாள் மாறுகிற கோடு என்று விமானப் பணிப்பெண் சொன்னாள். எறும்பு அதை நெருங்கியபோது டேப் அக்கா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"இப்ப குலுங்குமா?" என்றாள்.

"பூமியில அப்படி எதுவும் கோடு இல்லைம்மா. கணக்குக்காகப் போட்டது" என்றாள் பணிப்பெண்.

"தையல் மாதிரி" என்றாள் டேப் அக்கா. "எங்கயாவது ஒரு இடத்துல சேர்த்துத்தானே ஆகணும்."

எறும்பு கோட்டைத் தாண்டியது. ஒன்றும் நடக்கவில்லை. முன் இருக்கைக்காரர் குறட்டை விட்டுக்கொண்டே நேற்றைக்குள் போனார். அதை நினைத்து டேப் அக்காவுக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்த டைம்கீப்பரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வாட்சைத் திருப்புங்க" என்றாள்.

"இறங்கின பிறகு."

"இப்பவே திருப்பினா என்ன?"

"முப்பத்தொரு வருஷத்துல இந்த வாட்சு பின்னால போனதில்லை" என்றார் அவர்.

சக்கரம் தரையைத் தொட்டதும் மணி பார்த்தார். அவர் கையில் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை இரண்டு இருபத்தெட்டு. சுவரிலிருந்த பெரிய கடிகாரத்தில் சனிக்கிழமை காலை ஏழு இருபத்தெட்டு. பதினொரு நிமிடம் தாமதமாகக் கிளம்பிய வண்டி இரண்டு நிமிடம் முன்னதாக வந்திருந்தது. அந்தக் கணக்கு அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு வாட்சின் திருகைப் பின்னால் திருகினார்.

வெளியே தங்கை நின்றாள். பக்கத்தில் வழுக்கைத்தலையோடு உருண்டையாக ஒரு மனிதர், கையில் பூங்கொத்து, அதற்குக் கீழே ஒரு டிபன் டப்பா. அக்காவைப் பார்த்ததும் தங்கை ஓடிவந்தாள். ஐம்பத்திரண்டு வயது என்று சொல்ல முடியாத ஓட்டம். கட்டிப்பிடித்தாள். அக்காவின் கை தன்னையறியாமல் அவள் இடுப்பைச் சுற்றிப் போனது. போன கை நின்றது.

"ஏண்டி, போன்ல முப்பத்துநாலுன்னு சொன்னியே?"

"அன்னைக்கு அளக்கும்போது சிரிச்சுக்கிட்டே இருந்தேன். மூச்சை உள்ள இழுத்துட்டேன் போல."

"முப்பத்தாறரை இருக்க."

"நான்தான் காரணம்" என்றார் சமையல்காரர் பணிவாக, டிபன் டப்பாவைக் கொஞ்சம் பின்னால் மறைத்துக்கொண்டு. "வணக்கம் அக்கா. வணக்கம் அண்ணே. பயணம் எப்படி இருந்துச்சு?"

"பன்னிரண்டு மணி பதினேழு நிமிஷம்" என்றார் டைம்கீப்பர்.

எட்டரைக்குத் தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். டேப் அக்கா குளித்து, அந்தச் சனிக்கிழமையில் இரண்டாம் முறையாகப் பல் தேய்த்து, சமையலறை மேஜையைத் துடைத்துக் கவுனை விரித்தாள். பக்கத் தையலுக்குள் முக்கால் முக்கால் இஞ்ச் துணி உள்ளே விட்டிருந்தாள். அவள் கைப்பழக்கம் அது. அதோடு பின்பக்க மடிப்பையும் பிரித்தால் சரியாக இரண்டரை வரும். தங்கையிடம் மிஷின் இல்லை. கையாலேயே தைத்தாள். தங்கை உள்பாவாடையோடு எதிரே உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, சமையல்காரர் எப்படிக் கேட்டார் என்ற கதையைச் சொன்னாள்.

"நோயாளிங்களுக்கான சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்தார். ஒரு தட்டுல என் பேரை எழுதி ஒட்டியிருந்தார். மூடியைத் திறந்தா ஒரு சீட்டு. 'உப்பு சரியா இருக்கா, அப்படியே கல்யாணம் பண்ணிக்கலாமா'ன்னு எழுதியிருந்துச்சு."

"உப்பு சரியா இருந்துச்சா?"

"கூடத்தான் இருந்துச்சு. கை நடுங்கியிருக்கு பாவம்."

ஊசி கோணலாக இறங்கிவிட்டது. "ஆடாம இரு, சிரிக்க வைக்காத" என்று பிரித்து மறுபடி தைத்தாள். கண்ணில் நீர் நின்றதால் தையல் இரண்டாகத் தெரிந்தது. இந்தப் பெண் சிரித்துப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. தைத்தாள்.

பத்தரை மணிக்குக் கவுன் உடம்பில் ஏறிக் கச்சிதமாக உட்கார்ந்தபோது போன் மணியடித்தது. காஜாக்காரம்மா. அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை; எழுந்ததும் எழாததுமாகக் கூப்பிடுகிறாள்.

"நேத்து கல்யாணம் நல்லபடியா நடந்துச்சா?"

"இன்னும் அரைமணி நேரம் இருக்கு" என்றாள் டேப் அக்கா.

"நான் அப்புறமா முந்தாநாள் கூப்பிடுறேன்" என்று காஜாக்காரம்மா வைத்துவிட்டாள்.

பதிவு அலுவலகத்தில் கல்யாணம் ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. சாட்சிக் கையெழுத்து போடும் இடத்தில் டைம்கீப்பர் பேனாவைப் பிடித்துக்கொண்டு தேதியை மூன்று தடவை சரிபார்த்தார். பதிவாளர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். மத்தியானம் ஆஸ்பத்திரி கேன்டீனில் மேஜைகளை ஓரம் தள்ளி விருந்து. பாட்டு போட்டதும் மருந்து வாசனையோடு இருபது நர்ஸுகள் ஆடினார்கள். சமையல்காரர் வந்து குனிந்து கையை நீட்டியதும், வாழ்க்கையில் ஒரு நாளும் ஆடியிராத டேப் அக்கா எழுந்து ஆடினாள். சுற்றும்போது டேப்பின் இரண்டு நுனியும் இரண்டு பக்கம் பறந்தன. நாலு மணிக்கு, ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, "நான் தூங்கலை, கண்ணை மட்டும்…" என்று சொல்லும்போதே தூங்கிப்போனாள்.

பத்து நாள் இருந்துவிட்டு வருவதாகத்தான் ஏற்பாடு. எட்டாம் நாள் டைம்கீப்பர் டிப்போ மேனேஜருக்குப் போன் செய்து இன்னும் நாலு நாள் லீவு கேட்டார்.

"சரி, எப்ப வந்து சேருவீங்க?" என்றார் மேனேஜர்.

"வெள்ளிக்கிழமை கிளம்பி ஞாயித்துக்கிழமை வந்துடுவோம் சார். திரும்பி வரக் காத்து எதிர்த்து வீசும். பதிமூணு மணி நேரம்."

"பதிமூணு மணி நேரம்னா சனிக்கிழமை வரணுமே?"

"ஒரு நாளை வரும்போதே கூடுதலா எடுத்துக்கிட்டோம் சார். திருப்பிக் கொடுக்கணும்."

லீவு நீட்டியது அவருக்காக இல்லை. நீலக் கவுனைப் பார்த்த நர்ஸுகள், 'எங்களுக்கும் தைப்பாங்களா' என்று கேட்டதுதான் காரணம். ஒருத்தி எங்கிருந்தோ பழைய கால்மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து தங்கை வீட்டுக் கூடத்தில் இறக்கினாள். டூட்டி முடிந்து வருகிறவர்களும் போகிறவர்களுமாக வாசலில் நின்றார்கள். பாஷை தெரியாது. தேவையும் படவில்லை. டேப் அக்கா ஒவ்வொருத்தியையும் கண்ணால் ஒரு தடவை பார்த்து, டேப்பை உருவி, தோளிலிருந்து தொடங்கினாள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து அளவுகளை எழுதினாள்.

"இவ மூச்சை இழுக்கிறா" என்றாள் அக்கா. "விடச் சொல்லு."

தங்கை மொழிபெயர்த்தாள். அந்த நர்ஸ் மூச்சை விட்டாள். கூடத்திலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.